நாலு வரி இடம்

பாளையங்கோட்டை,
வெள்ளி இரவு

அன்புள்ள வடிவுக்கு,

உன் கடிதத்துக்கு எட்டு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டுவதைத் திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கே எல்லாரும் சுகம். அத்தைக்குக் கண் அறுவை முடிந்தது. என் சமையலின் குறைகள் இப்போது இன்னும் தெளிவாகத் தெரிகின்றனவாம். முருகன்குறிச்சியில் குடை டீச்சரைப் பார்த்தேன். அதே குடை. "அந்தப் புளியோதரைப் பிள்ளை எப்படி இருக்கிறாள்?" என்றுதான் உன்னை விசாரித்தார்.

விஷயத்துக்கு வருகிறேன். எம்.பி.ஏ. சேரலாமா என்று யோசனை. பன்னாட்டு வணிகம். 38 வயதில். சிரித்து முடித்தாயா?

எல்லாம் ஒரு பையனால் வந்தது. இந்தப் படிப்பை முடித்துவிட்டு ஏற்றுமதிச் சரக்குக்குச் சுங்கக் காகிதம் போடும் எங்கள் கிளியரிங் அலுவலகத்தில் சேர்ந்தவன். ஷிப்பிங் பில்லில் கிலோ போட வேண்டிய இடத்தில் டன் போட்டான். துறைமுக வாசலில் எந்தச் சீட்டை நீட்டுவது என்று லாரி டிரைவரிடம் கேட்டான். 11 வருடமாகத் தூத்துக்குடி பஸ்ஸில் தேய்ந்த நான் அவனுக்கு வாத்தியாராகத் திரிந்தேன். போன மாதம் ஒருவருடைய சரக்கு கடலில் நனைந்துவிட்டது. சரக்கு விலையோடு கப்பல் கூலியும் இன்சூரன்சும் சேர்ந்த சி.ஐ.எப். விலை. அந்த இரண்டையும் விற்றவர் கட்டியிருப்பதால் நஷ்டமும் அவர் தலையில்தான் என்று அடித்துச் சொன்னேன். பையன் மெதுவாக, "இல்லை அக்கா, சரக்கு கப்பலில் ஏறியதோடு பொறுப்பு வாங்குபவருக்குப் போய்விடும். அந்த இன்சூரன்சே அவருக்காக எடுப்பதுதான்" என்றான். உலக வணிகத்தில் யார் பொறுப்பு எதுவரை என்று சொல்லும் இன்கோடெர்ம்ஸ் 2020 புத்தகத்தைப் பிரித்தும் காட்டினான். அவன் சொன்னதுதான் சரி. சி.ஐ.எப். என்று எத்தனை ஆயிரம் காகிதத்தில் அடித்திருப்பேன், வடிவு! அன்று பஸ் வாகைக்குளம் தாண்டியும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்பா நினைவு வந்தது. சாத்தான்குளத்துக்கு அந்தப் பக்கம் மானாவாரியில் நிலாவாரை போடுவாரே, காய்ந்த இலையை மூட்டை கட்டிக் கமிஷன் கடையில் இறக்குவார். கடைக்காரர் சொன்னதுதான் விலை. எங்கே போகிறது என்று அப்பாவைக் கேட்டால், "கப்பலுக்கு" என்பார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. ஜெர்மனிக்குப் போகிற காகிதம் ஒன்றில் 'டின்னவெல்லி சென்னா', அதாவது திருநெல்வேலி நிலாவாரை, என்று முதன்முதலாகப் பார்த்த அன்று எனக்குக் கை ஓடவில்லை. நம் ஊர்ப் பெயரில்தான் உலகச் சந்தையில் அது விலைபோகிறது. அது பேதி மருந்தாயிற்றே, வெள்ளைக்காரன் வயிறு இளகுவது நம் தேரி மண்ணால் என்று நீ சிரிப்பாய், சிரி. ஆனால் அந்த விலையை யார் வைக்கிறார்கள், நடுவில் எத்தனை கை மாறுகிறது என்பது கடைசி வரை அப்பாவுக்குத் தெரியவில்லை. அந்தக் காகிதத்தை அடித்த எனக்கும் தெரியவில்லை.

முதலாளி என்னவோ, "பட்டம் எதற்கம்மா? சுங்கத் துறைத் தேர்வை எழுதி, சுங்க வேலை பார்க்க அவர்கள் தரும் ஜி கார்டு வாங்கு, சம்பளம் கூட்டுகிறேன்" என்கிறார். அதிலும் நியாயம் இருக்கிறது. இந்தப் படிப்புக்கென்றே 1963இலிருந்து டில்லியில் இருக்கும் இந்திய வெளிநாட்டு வர்த்தக நிறுவனத்தைப் பற்றிப் படித்தேன். கட்டணத்தைக் கண்டதும் மூடி வைத்துவிட்டேன். எனக்குக் கட்டுபடியாவது தொலைநிலைக் கல்விதான். அங்கீகாரம் பெற்ற இடத்தில் படித்தால் அதுவும் நேரில் படித்த பட்டத்துக்குச் சமம் என்று 2022இல் யு.ஜி.சி. சொல்லிவிட்டது. நாளைக்கு வேலை கொடுக்கிறவனும் அப்படிச் சொல்வானா? மூத்தவன் வேறு பத்தாம் வகுப்பு. வீட்டுக்காரரைக் கேட்டால், "உன் இஷ்டம்" என்கிறார். அது சம்மதமா கோபமா என்பது 17 வருடத்தில் எனக்குப் பிடிபடவில்லை.

நீ வங்கியில் எல்.சி., அதாவது காகிதம் சரியாக இருந்தால் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம், பார்ப்பவள். காகிதத்தில் ஓர் எழுத்து மாறினாலும் பணத்தை நிறுத்தி வைக்கிற கல்நெஞ்சக்காரி. அந்தக் கண்ணோடு என் விஷயத்தையும் பார். பாதி நிரப்பிய படிவம் அரிசி டின் மேல் கிடக்கிறது. 'இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுக்கக் காரணம்' என்ற கட்டத்தில் நின்றுவிட்டேன். நாலு வரிதான் இடம் விட்டிருக்கிறார்கள்.

போன் செய்யாதே. போனில் நீ எதற்கும் சரி என்றுவிடுவாய். எழுது.

உன்
இசக்கி