வேலியில் போகிற பச்சோந்தி வேலியிலேயே இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் ஞாயிறு இணைப்பில் வீட்டில் பச்சோந்தி வளர்ப்பது பற்றி அரைப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. சத்தம் போடாது, முடி கொட்டாது, வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஏற்றது, ஒரு கண்ணாடித் தொட்டியும் நாலு பூச்சியும் இருந்தால் போதும் என்று எழுதியிருந்தீர்கள். நான் இரண்டரை வருஷமாக ஒன்றை வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். முதல் ஆறு மாதம் அது சாகாமல் இருந்தது என் கெட்டிக்காரத்தனம் இல்லை, அதன் ஆயுசு கெட்டி, அவ்வளவுதான். அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் எங்கள் ஊர் விஷயம். நான் இருப்பது பரதராமி, குடியாத்தத்திலிருந்து சித்தூர் போகிற சாலையில் ஆந்திர எல்லையை ஒட்டி. இங்கே மலையடிவாரப் புதர்களிலும் புளியமரத்திலும் நம்ம நாட்டுப் பச்சோந்தி உண்டு, தெலுங்குக்காரர்கள் ஊசரவெல்லி என்பார்கள். உங்கள் கட்டுரை வந்த மறுநாளே எங்கள் தெருப் பையன்கள் இரண்டு பேர் "அக்கா, ஏரிக்கரை வேலிக்காத்தான்ல ஒண்ணு இருக்கு, புடிச்சாந்து வளர்க்கட்டுமா?" என்று வந்து நின்றார்கள். இந்தியாவில் இயற்கையாக வாழ்கிற பச்சோந்தி இனம் இது ஒன்றுதான். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பது, வளர்ப்பது, விற்பது, கொல்வது எல்லாமே குற்றம். அரைப் பக்கத்தில் இதற்கு ஒரு வரி இல்லை! ஏற்கெனவே இந்தப் பக்கம் அதற்கு விஷம் இருக்கிறது, பார்த்தாலே ஆகாது என்று கல்லால் அடிக்கிறார்கள். அதற்கு விஷமே கிடையாது. (ராமருக்கு அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் மூத்திரம் கொடுத்தது என்ற கதையைச் சொல்லி ஓணானுக்குச் சுருக்குப் போட்ட பிள்ளைகளில் நானும் ஒருத்தி, மறைப்பதற்கில்லை.) முட்டையிட மண்ணுக்கு இறங்கி வரும்போது ரோட்டில் அடிபட்டுச் சாவது வேறு. இதில் வளர்ப்பு ஆசையும் சேர்ந்தால் அது எங்கேதான் போகும்?

என்னிடம் இருப்பது வெளிநாட்டு இனம், ஏமன் நாட்டுப் பச்சோந்தி, தலையில் கொண்டை மாதிரி தூக்கிக்கொண்டிருக்கும். பெங்களூரில் வேலை செய்கிற என் தம்பி குட்டியாக வாங்கினான், நைட் ஷிஃப்ட் வந்ததும் என் தலையில் கட்டிவிட்டுப் போனான். இதற்கும் சட்டம் உண்டு. இது சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிற பிராணி, 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், கை மாறினாலும் தெரிவிக்க வேண்டும். தம்பி பில்லை பத்திரமாக வைத்திருந்ததால் பிழைத்தோம். பில் தராத கடையில் யாரும் வாங்காதீர்கள்.

விற்றவர் சொல்லி அனுப்பிய புத்திமதிகள் அப்படியே உங்கள் கட்டுரையில் இருந்ததைப் பார்த்துத்தான் எனக்குக் கோபம் வந்தது. கண்ணாடித் தொட்டி என்றார். பச்சோந்திக்குக் காற்று ஓட்டம் வேண்டும், ஏறுவதற்கு உயரம் வேண்டும். கண்ணாடியில் தன் உருவத்தையே இன்னொரு பச்சோந்தி என்று நினைத்து நாளெல்லாம் சீறிக்கொண்டிருந்தது. ஒரு கூண்டில் ஒன்றுக்கு மேல் வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான். அப்புறம் எங்கள் தெரு ஆசாரியிடம் சொல்லி நாலடி உயரம், இரண்டடி அகலத்தில் வலைக் கூண்டு செய்தேன். உள்ளே மணி பிளான்ட்டும் செம்பருத்தியும் வைத்தேன். இந்த இனம் இலையையும் கடித்துத் தின்னும், அதனால் அரளி மாதிரி விஷச்செடியோ மருந்து அடித்த செடியோ ஆகாது.

கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் குடிக்கும் என்றார். குடிக்காது. தேங்கி நிற்கிற தண்ணீர் அதன் கண்ணுக்குத் தண்ணீராகவே தெரியாது, இலையில் உருளுகிற சொட்டைத்தான் நக்கும். இது தெரியாமல் மூன்று வாரம் கிண்ணத்தைக் கழுவிக் கழுவி வைத்திருக்கிறேன். கண் குழி விழுந்துபோனது, எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி ஆரஞ்சு நிறமாக வந்தது. இரண்டும் உடம்பில் தண்ணீர் இல்லை என்பதற்கு அடையாளம் என்று பிறகுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டு நர்ஸ் அக்காதான் யோசனை சொன்னார். புது டிரிப் செட் ஒன்றை வாங்கி, தண்ணீர் பாட்டிலில் மாட்டி கூண்டுக்கு மேலே தொங்கவிட்டு, செம்பருத்தி இலைமேல் சொட்டுச் சொட்டாக விழுகிற மாதிரி திருகி வைத்தோம். அன்றைக்கு அது இருபது நிமிஷம் நிறுத்தாமல் குடித்ததைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. இப்போது காலையும் மாலையும் ஸ்ப்ரேயரில் இலைகளை நனைப்பேன், மத்தியானம் டிரிப், கீழே ஒரு தட்டு.

இருபத்து நாலு மணி நேரமும் சூடு பல்பு எரிய வேண்டும் என்று போட்டிருக்கிறீர்களே, அது குளிர் தேசத்துக்காரர்கள் எழுதியதிலிருந்து எடுத்ததா? குளிர் தேசத்திலும் ராத்திரி பல்பை அணைத்துவிடுவார்கள், அதற்கும் இருட்டும் குளுமையும் வேண்டும். பகலில் வெயில் காய ஒரு கிளையில் 30 டிகிரி இருந்தால் தாராளம், அங்கிருந்து நகர்ந்து போக நிழல் வேண்டும். சித்திரை, வைகாசியில் எங்கள் வேலூர் மாவட்டத்து வெயில் 40-ஐத் தாண்டும், அதில் பல்பும் போட்டால் அவ்வளவுதான். வாயைப் பிளந்துகொண்டு வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். நான் ஈரச் சாக்கு கட்டித் தொங்கவிடுகிறேன், பல்பை மார்கழிக் காலையில் மட்டும் போடுகிறேன்.

சூடு வேறு, புற ஊதாக் கதிர் வேறு. அந்தக் கதிர் இல்லாவிட்டால் தின்கிற சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது, கால் வளையும், தாடை மெத்தென்று ஆகும், நாக்கை வீச முடியாமல் பட்டினி கிடக்கும். ஜன்னலோரம் வைத்தால் போதாது, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். அதற்கான குழல் விளக்கைக்கூட வருஷத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும், வெளிச்சம் எரிந்துகொண்டே இருக்கும், கதிர் மட்டும் குறைந்துபோயிருக்கும். தினம் இளங்காலை வெயிலில் கூண்டோடு திண்ணையில் வைக்கிறேன், காக்காவுக்குக் காவலாக நானும் காபியோடு உட்கார்ந்துவிடுவேன்.

தீனி பெரிய வித்தை இல்லை. கிரிக்கெட் பூச்சியை முருங்கைக்கீரையும் கேரட்டும் போட்டு நன்றாக வளர்த்து, கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுப்பேன். வளர்ந்த பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். வேர்க்கடலைக் கொல்லையில் வெட்டுக்கிளி சும்மா கிடைக்கிறதே என்று ஆசைப்படக் கூடாது, எல்லாம் மருந்தடித்த கொல்லை. மின்மினி கொடுக்கவே கூடாது, அது பச்சோந்திக்கு விஷம்.

இனி உங்கள் கட்டுரை தொடவே தொடாத விஷயம். ஆண் என்று சொல்லித்தான் விற்றார்கள், வேலு என்று பெயரும் வைத்தோம். ஒன்பதாம் மாதம் வேலு தின்பதை நிறுத்தினான். எப்போதும் உச்சியில் இருக்கிறவன் கூண்டின் தரைக்கு இறங்கி இங்குமங்கும் அலைந்து பிராண்டினான். உடம்பு கருத்து, மேலே மஞ்சளும் நீலப் பச்சையுமாகப் புள்ளி. உள்ளூர் கால்நடை மருத்துவர் "நான் ஆடு மாடு பார்க்கிறவன், தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன்மா" என்று கைகூப்பிவிட்டார், அந்த நேர்மைக்கு அவருக்கு நன்றி. தம்பி எங்கெங்கோ விசாரித்து, ஊர்வன பார்க்கிற சென்னை டாக்டர் ஒருவரைப் போனில் பிடித்தான். பின்னங்கால் குதிகாலில் சின்ன முள் மாதிரி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. "அப்ப அது பொம்பள, முட்டை போட மண் தேடுது" என்றார். சேராமலே முட்டை கட்டுமாம் இந்த இனத்துக்கு, நம்ம கோழி மாதிரி. இடம் கிடைக்காவிட்டால் முட்டையை உள்ளேயே அடக்கிவைத்துச் செத்துப்போகும்.

அன்று ராத்திரியே ஒரு பெரிய வாளியில் முக்கால் முழ ஆழத்துக்கு ஆற்று மணலைக் கொட்டி, பள்ளம் தோண்டினால் சரியாத அளவுக்கு ஈரப்படுத்தி உள்ளே வைத்தேன். யாராவது பார்த்தால் பாதியில் விட்டுவிடும் என்றதால் கூண்டைச் சுற்றிப் பழைய புடவை கட்டினேன். எதிர்வீட்டுத் தெலுங்குப் பாட்டி வந்து "இன்ட்லோ ஊசரவெல்லி எந்துகம்மா?" (வீட்டுக்குள்ள பச்சோந்தி எதுக்கும்மா?) என்று தலையில் அடித்துக்கொண்டவர், புடவையைப் பார்த்ததும் பிரசவம் என்று புரிந்துகொண்டு குரலைத் தாழ்த்திவிட்டார். மறுநாள் சாயங்காலம் வரைக்கும் தோண்டி, இட்டு, மூடித் தட்டிவிட்டு, ஒட்டிய வயிறும் மண் அப்பிய மூஞ்சியுமாக மேலே ஏறியது. தோண்டி எண்ணினேன், முப்பத்தெட்டு. அன்றிலிருந்து வேலம்மா. இப்போது தீனியையும் சூட்டையும் கொஞ்சம் குறைத்தே வைக்கிறேன், முட்டையும் குறைந்திருக்கிறது. முதல்முறை வளர்க்கிறவர்கள் குதிகால் முள்ளைப் பார்த்து ஆணாக வாங்குவது நல்லது.

கையில் எடுத்துக் கொஞ்சலாம் என்ற வரிக்கும் ஒரு பதில். கொஞ்ச முடியாது. தூக்கும்போது கருத்துப்போகிறதே, அது வேடிக்கை காட்டுவது இல்லை, பயம். சுவரின் நிறத்துக்கு மாறும் என்பதும் தப்பு, மனநிலைக்கும் சூட்டுக்கும்தான் மாறும். தோலுக்குள் இருக்கிற நுண்ணிய படிகங்களின் இடைவெளியை மாற்றித்தான் அது நிறம் மாறுகிறது என்று 2015-இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தார் கண்டுபிடித்தார்கள். மேடையில் அரசியல்வாதிகளைப் பச்சோந்தி என்று திட்டுகிறவர்கள் கவனிக்க, அது தன் மனசில் இருப்பதை அப்படியே தோலில் காட்டிவிடுகிற பிராணி. பகலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் மட்டும் உடனே டாக்டரைத் தேடுங்கள், நோய் முற்றிய பிறகுதான் அது வெளியே காட்டும்.

அடுத்த இதழில் சட்டம் பற்றி நாலு வரி போடுங்கள். அந்தப் பையன்களிடம் ஏரிக்கரையில் தள்ளி நின்று பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன், தினம் போய்ப் பார்த்து எனக்குச் சேதி சொல்கிறார்கள். உங்கள் கட்டுரைப் படத்தில் கூண்டுக்குள் ஒரு தண்ணீர்க் கிண்ணம் இருந்தது, மறுபடி அந்தப் படத்தைப் போடுவதாக இருந்தால் அதையாவது எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பரதராமி, வேலூர் மாவட்டம்.