நார் செய்கிற வேலை

அன்புள்ள செல்வம்,

கண் அறுவைக்குப் பிறகு நீயே கைப்பட எழுதிய கடிதம் கிடைத்தது. வரிகள் நேராக வந்திருப்பதைப் பார்த்ததும் மனசு நிம்மதியானது.

எடை குறைந்த கான்கிரீட்டில் நார் போட்டால் பலம் கூடுமா என்று கேட்டிருந்தாய். ஆறு மாதமாக எனக்கும் இதே வேலைதான். போன வாரம் இரண்டு கான்கிரீட் சட்டங்களை வளைத்து உடைத்தேன். இரண்டிலும் ஜல்லிக்குப் பதில் சூளையில் உப்பவைத்த களிமண் உருண்டைகள். வழக்கமான கான்கிரீட் கன மீட்டருக்கு 2400 கிலோ வரும். இது 1600 கிலோதான். நார் இல்லாத சட்டம் ‘டப்’பென்று இரண்டாகி விழுந்தது. உடைந்த முகத்தில் உருண்டைகளே பாதி பாதியாக வெட்டுப்பட்டிருந்தன. கருங்கல் ஜல்லி என்றால் விரிசல் பெரும்பாலும் கல்லைச் சுற்றி வளைந்து போகும். இங்கே உருண்டை மெத்து, அதனால் நேராகப் பிளந்துகொண்டு ஓடிவிடுகிறது.

தென்னை நார் போட்ட சட்டமும் கிட்டத்தட்ட அதே சுமையில்தான் விரிசல் விட்டது. ஆனால் விழவில்லை. விரிசலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். தையல் போட்டதுபோல நார்கள் இரு பக்கத்தையும் பிடித்திருந்தன. சுமையை ஏற்ற ஏற்ற ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வந்தன. அப்படி உருவி வருவதற்கே எவ்வளவு ஆற்றல் செலவாகிறது தெரியுமா! நாரின் வேலை அதுதான் செல்வம். அமுக்குப் பலம் கூடும் என்று எதிர்பார்க்காதே. நாரோடு காற்றும் உள்ளே போவதால் கொஞ்சம் குறையவும் கூடும். திடீரென்று முறியாது, ஈரம் காயும்போது வரும் மயிரிழை விரிசல்களும் குறையும்.

முதல் கலவையை நான் கெடுத்துவிட்டேன். நாரைக் கழுவாமல் போட்டதால் மறுநாளும் நகம் பதிந்தது. நாரிலிருந்து கசியும் சர்க்கரைப் பொருள்கள் சிமென்ட்டை இறுகவிடுவதில்லை. இப்போது கொதிக்கவைத்து, பழுப்பு நீர் தெளியும் வரை அலசுகிறேன். அப்புறம் இன்னொன்று: காய்ந்த நார் கலவையின் தண்ணீரைக் குடித்துவிடும், அதனால் ஈரமாகவே போடு. 2 சென்டிமீட்டர் நீளம், கன அளவில் 1 சதவீதம் எனக்குச் சரியாக வருகிறது. கூட்டிக்கொண்டே போனால் நார் பந்து பந்தாகத் திரண்டுவிடும்.

சீசல் என்ற கற்றாழை வகை நாருக்கு இழுவைப் பலம் அதிகம். ஆனால் 2, 3 சதவீதம் நீள்வதற்குள் அறுந்துவிடுகிறது. தென்னை நார் 15 சதவீதத்துக்கு மேலும் நீளும், மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளும் அதில் அதிகம். எனக்கு அதுதான் பிடிக்கிறது.

என் கவலையெல்லாம் ஆயுளைப் பற்றித்தான். சிமென்ட்டுக்குள் காரத்தன்மை 12.5 பிஹெச்சுக்கு மேல். அந்தக் காரம் நாரை அரிக்கிறது. சுண்ணாம்பும் நாரின் குழல்களுக்குள் போய்ப் படிகமாகிவிடுகிறது. நனைத்து உலர்த்தி, நனைத்து உலர்த்தி வைத்திருந்த ஒரு பழைய பலகையை உடைத்து நாரை உருவினேன். விரலுக்கிடையே பொடுக்கென்று ஒடிந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

வழி இல்லாமல் இல்லை. சிமென்ட்டில் ஒரு பங்கைக் குறைத்து, நன்றாக எரித்து அரைத்த உமிச் சாம்பலோ மெட்டாகயோலின் என்ற சுட்ட வெள்ளைக் களிமண் தூளோ சேர்த்தால் அது அந்தச் சுண்ணாம்பைத் தின்றுவிடும். கல்நாருக்குப் பதிலாக மரக்கூழ் நார் போட்டுச் செய்யும் சிமென்ட் பலகைகள் 1980களிலிருந்தே புழக்கத்தில் இருக்கின்றனவே, அதிலும் இதே உத்திதான்: சிலிக்கா மணல் சேர்த்து நீராவி அழுத்தத்தில் வேகவைக்கிறார்கள்.

கம்பிக்குப் பதிலாக நாரைப் போட்டுத் தளம் போடலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறாய். வேண்டவே வேண்டாம். தடுப்புச் சுவர்ப் பலகை, கட்டுமானக் கல் என்றால் தயங்காமல் செய். தளத்துக்குக் கம்பி இருந்தே ஆக வேண்டும்.

உமிச் சாம்பல் போட்ட பலகைகள் இப்போது தொட்டியில் நனைந்து உலர்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றை உடைக்கும் அன்று நீயும் பக்கத்தில் இருக்க வேண்டும். உன் கண் ஆறட்டும், அதுவரை உடைக்காமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ராமு