அம்மாவின் கண் விஷயமாக

மும்பை, சயான்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பிக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ, மருமகள், குட்டி மூவரும் நலம்தானே?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நான் போனை எடுத்தாலே அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள்.

அவளுக்கு இடது கண்ணில் புரை முற்றிவிட்டது. அரிசியில் கல் பொறுக்க அக்கா மகளைக் கூப்பிடுகிறாள். போன மாதம் செம்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நீ லேமினேட் பண்ணிக் கொடுத்த உன் கம்பெனி இன்சூரன்ஸ் கார்டை கவுன்ட்டரில் நீட்டினேன். அந்தப் பெண் நம்பரைத் தட்டினாள், திரும்பவும் தட்டினாள். "அங்கிள், பாலிசி பந்த் ஹை" என்றாள், பாலிசி நின்றுவிட்டதாம். எந்தத் தேதியிலிருந்து என்பதையும் சொன்னாள். சரி, கம்ப்யூட்டர் கோளாறாக இருக்கும். சர்வர் வேலை செய்யவில்லையாம் என்று அம்மாவிடம் சொல்லிக் கூட்டிவந்துவிட்டேன்.

அப்புறம் மாநகராட்சி நடத்தும் சயான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். முகம் சுளிக்காதே, நீ பிறந்தது அங்கேதான். காலை ஏழு மணிக்கே வரிசையில் நின்று கேஸ் பேப்பர் போட்டோம். உன்னைவிடப் பத்து வயது சின்னவளாக ஒரு டாக்டர் பெண், சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பா விரியும்வரை அம்மாவைக் கண்ணை மூடி உட்காரச் சொன்னாள். அம்மா அதற்குள் பக்கத்திலிருந்த தாராவிக்காரப் பாட்டியிடம் ஊர், தெரு எல்லாம் விசாரித்து ஒரு உறவும் கண்டுபிடித்துவிட்டாள். சுகர் இறங்கினால் அடுத்த மாதம் ஆபரேஷன். மகன் எங்கே வேலை பார்க்கிறான் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

போன பொங்கலுக்கு நாம் போட்ட சண்டை ஞாபகம் வந்தது. வைத்தியம் எல்லாருக்கும் இலவசம் என்றால் யாருக்கும் ஒழுங்காகக் கிடைக்காது, 1948-இல் ஆரம்பித்த இங்கிலாந்தின் அரசாங்க வைத்தியத் திட்டமான என்.ஹெச்.எஸ்.ஸிலேயே இடுப்பு ஆபரேஷனுக்கு மாசக்கணக்கில் காத்துக்கிடக்கிறார்கள் என்றாய். காசு கட்ட முடியாத காரணத்தால் ஒருவருக்கும் வைத்தியம் கிடைக்காமல் போகக் கூடாது என்று நம் நாட்டு சுகாதாரத்தை ஆராய்ந்த ஜோசப் போர் கமிட்டி 1946-லேயே சொன்னதை நான் எடுத்துவிட்டேன். "அப்பா யூனியன் மீட்டிங் ஆரம்பிச்சிட்டார்" என்று எழுந்து போய்விட்டாய். பேச்சு பாதியில் இருக்கும்போது எழுந்து போகிற பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்ததோ.

ஆனால் போன வருஷம் எனக்கு ஸ்டென்ட் வைத்தபோது உன் கார்டுதான் காப்பாற்றியது. ஒரு பைசா கட்டவில்லை. பில் கவுன்ட்டரில் நின்றுகொண்டு, கேட்காதவர்களிடமும் "என் மகன் கம்பெனி" என்று சொன்னேன். அதை மறக்கவில்லை.

அதனால் சொல்கிறேன், கம்பெனி கார்டை மட்டும் நம்பாதே. உன் பெயரில் தனியாக ஒரு பாலிசி எடுத்து வை. கம்பெனியை விட்டுப் போகிறவர்கள் அதே இன்சூரன்ஸ்காரரிடம் தனிப் பாலிசியாக மாற்றிக்கொள்ளலாம், பழைய நோய்க்குப் பாலிசி பணம் தராத காத்திருப்புக் காலத்தில் இத்தனை வருஷம் கழிந்ததும் கணக்கில் வரும். முன்கூட்டியே கேட்க வேண்டும். உன் சிநேகிதர்கள் யாருக்காவது உபயோகப்படும் என்று சொன்னேன்.

எனக்கும் அம்மாவுக்கும் விலை கேட்டுப் பார்த்தேன். ஸ்டென்ட், சுகர் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு ரூ.71,000. என் இரண்டரை வருஷப் பென்ஷன். 18 சதவீத ஜி.எஸ்.டி.யை 2025 செப்டம்பரில் எடுத்த பிறகு இந்த விலை. கட்டினாலும் பழைய நோய்க்கு மூன்று வருஷம்வரை காத்திருக்கச் சொல்லலாம். 2024-க்கு முன்னால் அது நாலு வருஷம். எழுபது ஆனவர்களுக்கு வசதி பார்க்காமல் வருஷத்துக்கு 5 லட்சம் என்று அரசாங்கத்தின் ஆயுஷ்மான் காப்பீட்டுத் திட்டத்தில் 2024 அக்டோபரில் சேர்த்திருக்கிறார்கள். எனக்கு எழுபது ஆக இன்னும் பதினாலு மாசம். அதுவரை இந்த நெஞ்சை ஓட்டிவிடுவேன். எங்களைப் பற்றிக் கவலைப்படாதே. நீ தனிப் பாலிசி எடு. குட்டிக்கும் சேர்த்து எடு.

நம் பில்டிங் வாட்ச்மேன் அழுதான். சம்பளம் கொஞ்சம் ஏறி 21,000-ஐத் தாண்டிவிட்டது, இனிமேல் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. கிடையாதாம். அவனிடம் பேசிக்கொண்டிருந்தபோதுதான் இதை உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

1997-இல் நான் வேலை பார்த்த கம்பெனியின் கதவை மூடியது உனக்குத் தெரியும். மூடிய பிறகு ஐந்து மாசம் நான் வீட்டில் சொல்லவில்லை என்பது உனக்குத் தெரியாது. தினமும் அம்மா கட்டிக் கொடுத்த டிபனை எடுத்துக்கொண்டு மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவில் போய் உட்கார்ந்திருப்பேன். ஒரு மணிக்குத் திறந்து சாப்பிடுவேன். மாலை ஐந்தரை லோக்கல் வருகிற நேரத்துக்குக் கணக்காக வீட்டுக்கு வருவேன். அந்தச் சமயத்தில்தான் அம்மாவுக்கு வயிற்றுவலி. இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போகலாம் என்றாள். போனால் கார்டு செத்துப்போனது தெரிந்துவிடும். வாயு என்று சொல்லி ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன். ஒரு நாள் இல்லை, மூன்று நாள். மூன்றாம் நாள் ராத்திரி குடல்வால் வெடித்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் டாக்சி பிடித்தார்கள். சயானில் பத்தொன்பது நாள் கிடந்தாள், பிழைத்தாள்.

மழையில் டாக்சி கிடைக்காமல் தாமதமாயிற்று என்றுதான் நம் வீட்டில் சொல்வது. நீயும் குட்டியிடம் அப்படித்தான் சொன்னாய், நான் கேட்டுக்கொண்டு இருந்தேன். அன்று ராத்திரி மழை இல்லை தம்பி. சாயங்காலமே விட்டு, ரோடு காய்ந்திருந்தது. அம்மா எப்போது தெரிந்துகொண்டாள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. ஆனால் அதற்குப் பிறகு இந்த வீட்டில் ஓமம் வாங்கியதே இல்லை.

அக்கா கையில் முருங்கைப் பொடியும் எள்ளுருண்டையும் கொடுத்துவிடுகிறேன். பாலிசி விஷயத்தைத் தள்ளிப்போடாதே. பெங்களூரில் குளிராமே, குட்டிக்கு ஸ்வெட்டர் போடு.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அம்மா பக்கத்தில் இருப்பாள். ஆபீஸ், மீட்டிங் என்று எப்போதும்போல் பேசு. திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அவள் ரேஷன் கடைக்குப் போவாள், திரும்பி வர ஒரு மணி நேரமாவது ஆகும். நான் வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
அப்பா