மேட் கிளாஸ் வெயிலுக்கு உதவுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெயிலில் நிற்கும்போது கைப்பேசித் திரையில் எதுவும் தெரிவதில்லை, அதற்கு என்ன செய்யலாம் என்று கேட்ட வாசகருக்கு, ‘மேட் கிளாஸ் (பளபளப்பில்லாத திரைப் பாதுகாப்புக் கண்ணாடி) ஒட்டிக்கொள்ளுங்கள்’ என்று தங்கள் இதழின் கேள்வி-பதில் பகுதியில் ஒரே வரியில் பதில் தரப்பட்டிருந்தது. மதுரையில் மூக்குக் கண்ணாடிக் கடை நடத்துபவன் என்ற முறையில், கண்ணாடிப் பரப்பில் ஒளி என்ன செய்கிறது என்பதைப் பார்ப்பதே என் அன்றாட வேலை. அறைக்குள் டியூப்லைட்டின் அடியில் அமர்ந்து படிப்பவருக்கு அந்தப் பதில் சரி. வெயிலில் நின்று வேலை பார்ப்பவருக்கு, அதாவது கேள்வி கேட்டவருக்கே, அதனால் பெரிய பயன் இராது என்பதால் இதை எழுதுகிறேன்.

சாதாரணக் கண்ணாடியின் மேற்பரப்பு தன் மேல் நேராக விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். கேட்பதற்கு இது சொற்பம்தான். ஆனால் அலுவலக அறையில் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவே இருக்கும் வெளிச்சம், நண்பகல் வெயிலில் ஒரு லட்சம் லக்ஸை எட்டிவிடுகிறது. அந்த வெளிச்சத்தில் 4 சதவீதம் என்பது திரையிலிருந்து வரும் ஒளியோடு போட்டிபோடப் போதுமானது. மேட் கிளாஸ் இந்த 4 சதவீதத்தைப் பெரிதாகக் குறைப்பதில்லை. அதன் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய மேடுபள்ளங்கள், ஒரே திசையில் திரும்பவேண்டிய ஒளியைப் பல திசைகளில் சிதறடிக்கின்றன. அறைக்குள் இது நல்லதே. திரையில் கோடாகத் தெரிந்த டியூப்லைட்டும் சன்னல் சட்டமும் உருவம் கலைந்து மங்கிவிடுகின்றன. வெயிலிலோ, சிதறிய அந்த ஒளி திரை முழுவதும் வெண்படலமாகப் பரவி, கறுப்பு எழுத்துகளைச் சாம்பல் நிறமாக்கிவிடுகிறது. பளபளப்பான கண்ணாடியானால் கைப்பேசியைச் சற்றுச் சாய்த்துச் சூரியனின் பிம்பத்தை விலக்கிவிடலாம். மேட் பரப்பில் அந்த வசதியும் குறைந்துபோகிறது.

எதிரொளிப்பையே குறைக்க வேண்டுமென்றால் அதற்கு வழி வேறு. எங்கள் கடைகளில் ‘ஏ.ஆர். கோட்டிங்’ (ஆன்டி ரிஃப்ளெக்டிவ், அதாவது எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு) என்று சொல்லி விற்கிறோமே, அதே பூச்சுதான். ஒளியின் அலைநீளத்தில் கால் பங்கு கனமுள்ள மெல்லிய படலத்தைக் கண்ணாடியின் மேல் படியவைத்தால், படலத்தின் மேற்புறத்தில் திரும்பும் ஒளியும் அடிப்புறத்தில் திரும்பும் ஒளியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மக்குலா 1935-இல் இதற்குக் காப்புரிமை பெறும் அளவுக்கு இது பழைய நுட்பம். பல அடுக்குகளாகப் பூசினால் எதிரொளிப்பு 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். சிதறல் இல்லாததால் எழுத்தின் கூர்மையும் கெடாது.

சிக்கல் என்னவென்றால், கைப்பேசிக் கடைகளில் இவ்விரண்டும் ‘ஆன்டி கிளேர்’ (கண்கூச்சத் தடுப்பு) என்ற ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. கேட்டால், “வெயிலுக்கு இதுதான் சார் நல்லது” என்று கையில் கிடைப்பதை எடுத்துத் தருகிறார்கள். பிரித்தறிவது கடினமன்று. கடையிலுள்ள மாதிரித் துண்டை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். விளக்கின் விளிம்பு கலைந்து வெள்ளையாகப் படர்ந்தால் அது மேட். விளிம்பு கூர்மையாகவே இருந்து, விளக்கு மட்டும் மங்கலாக இளம்பச்சை அல்லது ஊதா நிறத்தில் தெரிந்தால் அது ஏ.ஆர். பூச்சு. விளக்கு வெள்ளையாகவும் பளிச்சென்றும் தெரிந்தால், அட்டையில் என்ன அச்சிட்டிருந்தாலும் அது பூச்சு எதுவும் இல்லாத சாதாரண டெம்பர்டு கிளாஸ்தான்.

மேட் கிளாஸ் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. விரல் வழுக்கிக்கொண்டு ஓடும், கைரேகை படிந்தது தெரியாது என்பதால் விளையாட்டுப் பிரியர்கள் அதை விரும்புவதில் நியாயம் இருக்கிறது. அதற்கு விலையாக, வெள்ளைப் பின்னணியில் வண்ணப் பொடி தூவியதுபோல ஒரு மினுமினுப்பு தெரியும். மேடுபள்ளங்கள் ஒவ்வொன்றும் சிறு லென்ஸாகித் திரைப் புள்ளிகளின் சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியே காட்டுவதால் வருவது அது. புள்ளிகள் நெருக்கமாக உள்ள உயர்ரகத் திரைகளில் இது இன்னும் உறுத்தும். முன்புறக் கேமராவுக்குத் துளை விடாத மேட் கிளாஸை வாங்கினால், எடுக்கும் படமெல்லாம் மூடுபனியில் எடுத்ததாகவே இருக்கும். ஏ.ஆர். பூச்சிலும் குறை உண்டு: எண்ணெய்ப் பசையுள்ள விரல் பட்ட இடத்தில் படலத்தின் கணக்கு மாறிவிடுவதால், தடம் பளிச்சென்று தெரியும். மூக்குக் கண்ணாடி அணிபவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சில புதிய கைப்பேசிகளில் இந்தப் பூச்சு திரையிலேயே வந்துவிடுகிறது. 2024 தொடக்கத்தில் வெளிவந்த சாம்சங் கேலக்ஸி எஸ்24 அல்ட்ராவின் கண்ணாடி, எதிரொளிப்பை 75 சதவீதம் வரை குறைக்கும் என்று அதைத் தயாரித்த கார்னிங் நிறுவனம் அறிவித்தது. அதன்மேல் சாதாரண டெம்பர்டு கிளாஸை ஒட்டினால், காற்றைத் தொடும் பரப்பு புதிய கண்ணாடியுடையதாகிவிடுவதால் பழைய 4 சதவீதம் திரும்ப வந்துவிடும். ஒட்டியே ஆகவேண்டும் என்றால், ஏ.ஆர். பூச்சுள்ளதைத் தேடி ஒட்டுவதுதான் முறை.

பசை எங்கே இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஓரங்களில் மட்டும் பசை வைத்த மலிவான கண்ணாடிகளில், நடுவே காற்றிடைவெளி நின்றுவிடுகிறது. அப்போது எதிரொளிக்கும் பரப்பு ஒன்றாக இருந்தது மூன்றாகிறது. வெயிலில் திரை மோசமாகத் தெரிவதோடு, தொடுஉணர்வும் குறைகிறது. முழுப் பரப்பிலும் பசை இருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும். எல்லா அட்டைகளிலும் காணும் ‘9ஹெச்’ என்பது பென்சில் கொண்டு கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. மணலிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் அந்தக் கண்ணாடியையும் கீறிவிடும். வெயிலில் எழுத்து தெரிவதற்கும் இந்த 9ஹெச்சுக்கும் தொடர்பே இல்லை.

பொட்டலப் பொருள்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகள் 2011-இன்படி விலை, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் முகவரி, புகார் தெரிவிக்க வேண்டிய இடம் ஆகியவற்றை அட்டையில் அச்சிட வேண்டியிருக்கிறது. ‘ஆன்டி கிளேர்’ என்று போட்டு விற்பவர்கள், அதோடு இரண்டு எண்களையும் சேர்த்து அச்சிட வேண்டும் என்று கேட்பது மிகையாகாது: எதிரொளிப்புச் சதவீதம் ஒன்று, கண்ணாடித் துறையினர் ‘ஹேஸ்’ என்று குறிக்கும் ஒளிச்சிதறல் சதவீதம் மற்றொன்று. இவற்றை அளப்பதற்கான முறைகள் பல காலமாக இருந்துவருகின்றன. தங்கள் இதழ் இதை நுகர்வோர் அமைப்புகளின் கவனத்துக்குக் கொண்டுசெல்வதோடு, கேள்வி கேட்ட வாசகருக்கு ஏ.ஆர். பூச்சுள்ள கண்ணாடியைப் பரிந்துரைத்து ஒரு திருத்தத்தையும் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மூக்குக் கண்ணாடிக் கடை உரிமையாளர் ஒருவர்,
மதுரை