பிடி அரிசிப் பாட்டிக்கு நன்றி

மதுரை நரிமேட்டில் ஆலய ஆராதனை முடிந்து வரும்போது படியோரம் என்னை நிறுத்திப் பேசிய பாட்டிக்கு இந்தப் பதிவு. பேர் போட்டால் கோபிப்பார், போடவில்லை.

போன லெந்து காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்), வருமானத்தில் பத்தில் ஒன்றாகக் கொடுக்கும் தசமபாகத்துக்கு மேலே கொஞ்சம் கொடுப்போம் என்று வீட்டில் முடிவெடுத்திருந்தோம். மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்கவில்லை. (பரோட்டாவுக்கு மட்டும் எப்படியோ காசு இருந்தது!) பாட்டியிடம் புலம்பினேன்.

"மிச்சம் பிடிச்சுக் குடுக்கணும்னா என்னைக்குமே மிச்சம் வராது தாயி. உலையில போடுறதுக்கு முன்னாடி ஒரு பிடி எடுத்து வை" என்றார்.

பிடி அரிசிக் காணிக்கை எங்கள் அம்மாச்சி காலத்துப் பழக்கம்தான். நான் மறந்தே போயிருந்தேன். அடுத்த வாரம் மூடியோடு ஒரு பழைய பானையும் கொண்டுவந்து தந்தார். வேளைக்கு ஒரு பிடி, அதுவும் மகள் கையால்தான்; நான் எடுத்தால் சண்டை. முதல் மாதம் மூன்று கிலோ போலச் சேர்ந்தது, ஆலயத்தில் கொடுத்தோம்.

அப்புறம் சம்பளத்துக்கும் அதே வழி. வந்த அன்றே காணிக்கை உறை தனியாகப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி மாதம் ஒரு முறை ஆனது. வீட்டுக்காரர் பைக்கை விட்டுவிட்டு மாட்டுத்தாவணிக்குப் பஸ்ஸில் போகிறார். கஷ்டமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

பாட்டிக்கு வருமானம் மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை மட்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. தன்னிடம் இருந்த இரண்டு காசையும் காணிக்கையாகப் போட்ட ஏழை விதவையின் கதையை, பைபிளில் மாற்கு 12ஆம் அதிகாரத்தில், எத்தனை முறை வாசித்திருப்பேன்! பக்கத்துப் பெஞ்சில் இருந்தவரைக் கவனிக்கவில்லை.

பாட்டி, பானை எங்களிடம்தான் இருக்கிறது. திருப்பிக் கேட்டுவிடாதீர்கள்.