கச்சானுக்கு (நிலக்கடலைக்கு) அடிக்கத் தந்த மருந்துப் போத்தல் பற்றி

எங்கள் பகுதி விவசாய அதிகாரிகளுக்கு,

வணக்கம். காலபோகத்துக்கு முன் நடந்த கூட்டத்தில் நீங்கள் தந்த போத்தலைப் பற்றித்தான் எழுதுகிறேன். எந்தப் போத்தல் என்று உங்களுக்கே தெரியும். "பூக்கத் தொடங்கினதும் அடியுங்கோ, பருப்பு நல்லாப் பெருக்கும்" என்று சொல்லித் தந்தீர்கள். காசு வாங்காமல் தந்ததற்கு நன்றி.

கச்சான் வளர்ந்ததில் குறையில்லை. முழங்காலுக்கு மேல் நின்றது. பக்கத்துக் காணிக்காரர் வேலியோரம் வந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார். தை மாதக் கடைசியில் பிடுங்கியபோதுதான் விஷயம் தெரிந்தது. பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் காயாக வேண்டிய விழுதுகளில் பாதி, மண்ணைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கின. மண்ணுக்குள் போனவற்றிலும் கோது இருந்தது, உடைத்தால் உள்ளே சுருங்கிய பருப்பு.

எங்கள் ஊரில் பிடுங்கிய செடியிலிருந்து கச்சான் ஆய்வதற்கு வாளிக் கணக்கில்தான் கூலி. மத்தியானத்துக்குள் நாலு வாளி நிரப்புகிற அக்கா ஒருவருக்கு அன்று பொழுதுபட்டும் ஒன்றரை வாளிதான். "தம்பி, காசு வேண்டாம், கொஞ்சம் கச்சான் தாரும், பிள்ளையளுக்கு அவிச்சுக் குடுப்பம்" என்றார். நாலு வாளிக் காசையே கொடுத்தேன். அது என் காசுமில்லை, முறிகண்டியில் கச்சான் கடை வைத்திருப்பவரிடம் வாங்கிய முற்பணம். அவர் வந்து ஒரு கோதை உடைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மூடையைக் கட்டி வைத்துவிட்டுப் போனார். ஏசியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

மழை பிழைத்ததுதான் காரணம் என்று சொல்வீர்கள். சரி, வேலிக்கு அந்தப் பக்கமும் அதே மழைதான். அந்தக் காணிக்காரர் கூட்டத்துக்கு வரவில்லை, போத்தலும் வாங்கவில்லை.

போத்தலில் சிங்களமும் ஆங்கிலமும் இருந்தன, தமிழ் இல்லை. உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கிற என் மகள்தான் வாசித்துச் சொன்னாள்: "அப்பா, இது ஜிபரலின்." பயிரின் தண்டை நீட்டுகிற ஓமோனாம். 1926இல் குரோசாவா என்ற ஜப்பானியர், நெல்லில் வருகிற ஒரு பூஞ்சண நோயை ஆராயும்போது அதன் தடயத்தைக் கண்டாராம். பூஞ்சணம் சுரக்கிற அந்த ஓமோனால், நோய் வந்த நெல் மெலிந்து நெடுநெடுவென்று உயரும், கதிர் மட்டும் சரியாகக் கட்டாது. அந்த உயரத்தைத்தான் போத்தலில் அடைத்து எங்களுக்குத் தந்திருக்கிறீர்கள். அமெரிக்காவில் கச்சான் கொடி மிதமிஞ்சி வளராமல் இருக்க, செடிக்குள் ஜிபரலின் உருவாவதைத் தடுக்கிற மருந்தை அடிக்கிறார்களாம். நாங்கள் நேரெதிர்.

ஓமோனால் விதை பெருக்காது என்று நான் சொல்லவில்லை. இளம் விதையில் கலங்கள் பிரிந்து பெருகுவதற்குச் சைற்றோகைனின் என்ற ஓமோன் வேண்டும். பிறகு எண்ணெயும் புரதமும் சேர்ந்து, விதை முளைக்காமல் காய்ந்து முற்றுவதற்கு அப்சிசிக் அமிலம் என்ற இன்னொரு ஓமோன் வேண்டும். விதையற்ற முந்திரிகைக்கு (திராட்சைக்கு) ஜிபரலின் அடித்தால் பழம் பெருக்கும் என்பதும் உண்மை, ஏனென்றால் அங்கே ஓமோன் சுரக்க உள்ளே விதை இல்லை. கச்சான் கதை வேறு. பூ மேலே பூக்கும், விழுது கீழே இறங்கும், மண்ணின் இருட்டுக்குள் போன பிறகுதான் காய் திரளத் தொடங்கும். செடி உயர்ந்தால் மேல் கணுவிலிருந்து வருகிற விழுது எப்படி நிலத்தைத் தொடும்? எது, எவ்வளவு, எந்தப் பருவத்தில் என்று தெரியாமல் ஓமோன் அடிப்பது இருட்டில் வைத்தியம் பார்ப்பது போலத்தான். அதனால் கேட்கிறேன்: எது, எவ்வளவு, எந்தப் பருவத்தில் என்று தமிழில் எழுதித் தாருங்கள்.

கோது மண்ணிலிருந்து நேரடியாகக் கல்சியத்தை எடுக்கும், அது குறைந்தால் பொக்குத்தான் மிஞ்சும் என்றுதான் கல்சியம் தருகிற ஜிப்சம் கேட்டோம். போத்தல் வந்தது. 2021இல் அரசாங்கம் தடை போட்டதும் இரசாயன உரம் ஓர் இரவில் விஷமாகி, தடையை எடுத்ததும் அதே வருஷம் நவம்பரில் திரும்பவும் உரமானதைப் பார்த்தவர்கள் நாங்கள். கொழும்பில் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் தூசி விழுவது எங்கள் கண்ணில்தான். போகட்டும், இந்த முறை யானை வேலியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. திருடித் தின்ன வந்த யானைக்கும் என் காணியில் ஏமாற்றம்தான்.

கோபத்தில் கூடுதலாக எழுதியிருந்தால் மன்னிக்க வேண்டும். நட்டஈடு கேட்டு இதை எழுதவில்லை. அடுத்த போகத்துக்கு எந்த ஓமோன் மருந்தைத் தருவதானாலும் இங்கே ஒரு மேட்டுக்காணியில், அடித்த பாத்தியையும் அடிக்காத பாத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கள் கண் முன்னால் பிடுங்கிக் காட்டுங்கள். அதற்குப் பிறகு தாருங்கள். போத்தலில் தமிழில் எழுதித் தாருங்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி என்பதால், இது பெரிய சலுகை இல்லை என்று நினைக்கிறேன்.

உங்கள் போத்தலில் இன்னும் கால்வாசி மிச்சம் இருக்கிறது. பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் கூரை வளையில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். தயவுசெய்து யாரையாவது அனுப்பி எடுப்பியுங்கள்.

இப்படிக்கு,
வன்னியிலிருந்து ஒரு கச்சான் செய்கையாளர்