மூன்றாவது தாள்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். ஓய்வு பெற்றுத் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சும் காலத்திலும், "இப்போது உங்களிடம் முனைவர் பட்ட ஆய்வாளர்கள் எத்தனை பேர்?" என்று கேட்கும் பழக்கம் உங்களை விடவில்லை என்பதைச் சென்ற கடிதத்தில் கண்டு சிரித்துக்கொண்டேன். மூவர். இணைப் பேராசிரியர் ஆறு பேர் வரையிலும், பேராசிரியர் எட்டுப் பேர் வரையிலும் வைத்துக்கொள்ளலாம் என்கிறது விதி. ஆறு பேரின் இயல்களையும் வரிவரியாகப் படித்துத் திருத்தும் நெறியாளர் ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

கோர்ஸ் வொர்க், அதாவது ஆய்வின் தொடக்கத்தில் மாணவர் முடிக்க வேண்டிய பாடத் தாள்கள், பற்றி நீங்கள் கேட்டது முக்கியமானது. நம் காலத்தில் முனைவர் பட்டத்துக்கு முந்தைய படியான எம்.பில். முடித்தவர்களுக்கு ஆய்வு என்றால் என்னவென்று ஓரளவு தெரிந்திருந்தது. 2022ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைகள் அந்தப் பட்டத்தை நிறுத்திவிட்டதால், அந்தப் பயிற்சியின் பாரம் முழுவதும் இப்போது கோர்ஸ் வொர்க்கின் மேல் ஏறியிருக்கிறது. குறைந்தது 12 கிரெடிட் எடுக்க வேண்டும். 55 சதவீத மதிப்பெண் வேண்டும். ஆய்வு நெறிமுறை பற்றிய தாளும் அதில் அடக்கம். பொதுத் தாள்கள் எல்லோருக்கும் ஒன்றே என்பதால் அவற்றில் நம் கை நுழைய இடமில்லை. நெறியாளரே பாடத்திட்டம் வகுக்கும் சிறப்புத் தாள் ஒன்றுதான், எங்கள் வழக்கில் மூன்றாவது தாள், மாணவரின் ஆய்வோடு நேரடியாகத் தொடர்புடையது. அதையும் நான் பாழாக்கினேன் என்பதை உங்களிடம் ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. முதல் இருவருக்கும் பழைய பாடத்திட்டத்தில் தலைப்பையும் நான்கைந்து நூற்பெயர்களையும் மாற்றித்தான் கொடுத்தேன்.

அதன் விளைவை இரண்டாமவரிடம் கண்டேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஏரிப் பாசனம் அவருடைய பொருள். ஆய்வு முறையியல் தாளில் நல்ல மதிப்பெண். கணினியில் புள்ளியியல் அட்டவணை போடவும் தெரியும். ஒரு குடும்பத்தார் பரணிலிருந்து எடுத்துத் தந்த கிராமக் கணக்குக் கட்டைப் பிரித்தவருக்கு முதல் பக்கத்தையே தாண்ட முடியவில்லை. காணி என்பது எண்பதில் ஒரு பங்கு, முந்திரி முந்நூற்றிருபதில் ஒரு பங்கு என்று வாயால் சொன்னால் புரிகிறது; அவற்றின் குறிகளை வேகமாக எழுதிய கையெழுத்தில் அடையாளம் காண அவருக்கு யாரும் கற்றுத் தரவில்லை. ஏழு மாதம் வீணாயிற்று.

மூன்றாமவர் வந்தபோது பாடத்திட்டத்தை உடனே எழுதவில்லை. ஆறு வாரம் படிக்கவிட்டு, என்ன புரியவில்லை என்று அவரையே பட்டியலிடச் சொல்லி, அதிலிருந்து இருவருமாக வகுத்தோம். பழைய எண் குறிகளுக்கு ஓர் அலகு. ஆங்கிலேய வருவாய்த் துறைக் கையெழுத்துப் பதிவேடுகளுக்கு ஓர் அலகு. தேர்வுக்குப் பதில் பத்துப் பக்கத்தைப் படியெடுத்துப் பிழை காண வேண்டும். ஆய்வு ஆலோசனைக் குழுவில் ஒருவர், "இதில் கோட்பாடு எங்கே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான், விவசாயியிடமே நேரடியாக நிலவரி வாங்கிய ரயத்துவாரி முறை பற்றிய விவாதங்களை இன்னோர் அலகாகச் சேர்த்தேன். (இக்குழு ஒவ்வொரு பருவத்திலும் கூட வேண்டும், பெரும்பாலும் தேநீர் ஆறுவதற்குள் கூட்டம் முடிந்துவிடும்.)

ஆனால் அந்த முதல் அலகை நடத்த எனக்குத் தகுதி போதாது. 1980இல் கர்ணம் எனும் கிராமக் கணக்கர் பதவி ஒழிக்கப்படும் வரை கணக்கு எழுதியவர் உங்கள் தந்தையார். அவரிடம் உட்கார்ந்து கற்றவர் நீங்கள். அடுத்த மாதம் இரண்டு நாள் வந்து போக முடியுமா? பயணப்படி கிடைக்காது. சாப்பாடு என் வீட்டில்.

அன்புடன்,
உங்கள் நண்பன்